ஏர் பில்டருக்குத் தைத்த உறை

அவர் மண்மேட்டிலிருந்து பந்தய மோட்டார் சைக்கிளோடு வானத்தில் எழும்பி நிற்கும் படத்தை இப்போது பலர் செல்போனில் வைத்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்க்காரர்கள்கூட அதைக் காட்டி, இவர் இந்த ஊரா என்று இந்தியில் கேட்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். அவர் போட்டிருக்கும் சட்டை நான் தைத்தது என்று இதுவரை சொன்னதில்லை. ஆனால் படத்தில் நான் முதலில் பார்ப்பது வண்டியை அல்ல, அவருடைய அக்குள் தையலைத்தான். இரண்டு கைகளும் அகல விரிந்திருக்கும்போதும் அந்தத் தையல் இழுக்காமல் படுத்திருக்கிறது. திருப்பூரில் டைலர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தோளுக்கு அந்தச் சட்டையை என்னைப்போல் தைக்க ஆளில்லை. இதை யாரிடமும் வாயால் சொல்லமாட்டேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் சொல்கிறேன்.

மண்தடத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் அவரைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. இந்த வருடத்தோடு பந்தயத்தை நிறுத்திவிட்டார். அவர் வாங்கிய கோப்பைகளைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அவர் வாங்காத ஒன்றைப் பற்றி.

நான் ஐந்தாவது வரை படித்தவன். மீசை அரும்பியதிலிருந்து பனியன் கம்பெனிதான். கூச்சம் அப்போதிருந்தே உண்டு. பஸ்ஸில் என் ஸ்டாப் வரும்போது யாரும் இறங்கவில்லை என்றால், நிறுத்தச் சொல்ல வாய் வராது. அடுத்த ஸ்டாப்பில் மற்றவர்களோடு இறங்கித் திரும்பி நடந்து வருவேன். மிஷினில் உட்கார்ந்தால் அந்தத் தொல்லை இல்லை. தையல் பேசிக்கொள்ளும்.

அப்போது நான் வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பிளாட்லாக் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு துணிகளைத் தட்டையாகச் சேர்த்து, உடம்பில் உறுத்தாமல் தைக்கும் மிஷின் அது. முதலாளிக்குத் தெரிந்தவர் என்று அந்தப் பந்தயக்காரருடைய சட்டை ஒன்று என்னிடம் தைக்க வந்தது. அவர் போட்டுக் கிழித்த வெளிநாட்டுச் சட்டையை மாதிரிக்குக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து அச்சாகத் தைத்தேன். பத்து நாளில் அதுவும் அதே இடத்தில் கிழிந்தது. அவரே அதை எடுத்துக்கொண்டு, மிஷின்கள் வரிசையாக ஓடும் எங்கள் லைனுக்கு நேராக வந்துவிட்டார். உயரமானவர், என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர், நெற்றியில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு.

சூப்பர்வைசர் என்னைக் கை காட்டினார். "இவருதாங்க தெச்சது. பேசமாட்டாரு. நீங்களே ரெண்டு ஆளுக்கும் சேத்திப் பேசிக்கோங்க."

"அண்ணா, உங்களக் குத்தஞ் சொல்ல வரலீங்க," என்றார் அவர். "கையத் தூக்குனா அக்குள்ல பிச்சுக்குதுங்க. வெளிநாட்டுக்காரன் தெச்சதும் இங்கதான் பிச்சுக்கிச்சு."

நான் சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தையலில் கோளாறில்லை. வெட்டில்தான் கோளாறு. "வண்டில எப்படி உக்காருவீங்க?" என்று கேட்டேன்.

"உக்காரவே மாட்டனுங்க. நின்னுட்டேதான்."

"நின்னு காட்டுங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பீஸ் போடும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டைக் கவிழ்த்துப் போட்டேன். அவர் அவற்றின் மேல் ஏறி, முழங்காலை மடக்கி, முட்டியை விரித்து நின்றார். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. துணி ரோல் சுற்றிவரும் அட்டைக்குழாயின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைச் சூப்பர்வைசர் பிடித்தார். பந்தயக்காரர் நடுவில் பிடித்துக்கொண்டு, மேட்டில் ஏறுவதுபோல் முன்னால் சாய்ந்தார், பள்ளத்தில் இறங்குவதுபோல் பின்னால் போனார். வளைவில் உடம்பை ஒரு பக்கம் தள்ளினார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏனுங்க, பெட்ரோல் போட்டாச்சுங்களா?" என்று ஓவர்லாக் மிஷினிலிருந்த அக்கா கேட்டது.

"பின்னால சீட்டுக் காலியாத்தான இருக்குது? எங்க சூப்பர்வைசர ஏத்திட்டுப் போயிருங்க. வெள்ளகோவில் தாண்டி எறக்கி உட்டுருங்க," என்றது இன்னொரு பெண்.

"அவர ஏத்துனா வண்டி எந்திரிக்காதுங்க," என்றார் அவர், கூடையின் மேல் நின்றபடியே. லைன் முழுவதும் சிரித்தது. சூப்பர்வைசர் குழாயை விட்டுவிடுவதாக மிரட்டினார்.

நான் சிரிக்கவில்லை, சாக்பீஸை எடுத்து அவர் முதுகில் துணி எங்கெல்லாம் இழுக்கிறதோ அங்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நிற்கும் மனிதனுக்கு வெட்டிய சட்டையை, பறக்கும் மனிதன் போட்டால் எப்படி நிற்கும்? தோள்தையலையே எடுத்துவிட்டு, கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக வெட்டினேன். அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையான மெஷ் துணியை வைத்தேன். அது பாலியஸ்டர். காற்றுக்காக அது வேண்டும் என்று அவர்தான் கேட்டார். நானாக இருந்தால் வைத்திருக்கமாட்டேன். நாங்கள் பருத்தியில் வளர்ந்தவர்கள். பாலியஸ்டரை அப்போது எங்கள் லைனில் யாரும் துணிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அந்தச் சட்டை கிழியவில்லை. அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை எங்கே பந்தயம் நடந்தாலும் என்னையும் வேனில் ஏற்றிக்கொள்வார். முழங்கால் கவசத்தின் பட்டை அறுந்தால் தைப்பேன், சீட் உறை பிரிந்தால் தைப்பேன், மற்ற நேரம் தண்ணீர் கேனோடு நிற்பேன். பேசவேண்டிய வேலை எதுவும் இல்லை. நெம்ப சௌகரியம்.

பந்தயத்துக்கு முன் அவர் தடம் முழுவதையும் வெறுங்காலில் நடந்து பார்ப்பார். மற்ற வீரர்கள் பூட்ஸோடு நடந்து, மேட்டை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள். இவர் ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, உழுத சொந்தக் காட்டில் ஈரம் பார்க்கிற விவசாயிபோல் ஒவ்வோர் அடியாக வைத்து நடப்பார். எங்கே மண் இளகியிருக்கிறது, எங்கே அடியில் பாறை என்று அவர் காலுக்குத் தெரிந்துவிடும். பின்னால் ஷூவைத் தூக்கிக்கொண்டு நான் நடப்பேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருமுறை காரை எலும்பு உடைந்து கையில் தொட்டில் கட்டோடு கம்பெனிக்கு வந்தார். "கையத் தூக்காமப் போடற மாதிரி ஒரு சட்ட வேணுமுங்க. எங்கம்மா என்னையக் கொழந்தையாட்ட உடுத்தி உடுது, மானம் போகுது," என்றார். ஒரு பக்கத் தோளைத் திறந்துவிட்டு அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் டிச் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று ஒற்றைக் கையால் டிச், டிச், டிச் என்று போட்டுப் பார்த்தார். எலும்பு கூடிய பிறகும் அந்தச் சட்டையையே வீடு முழுக்கப் போட்டுக்கொண்டு திரிந்ததாக அவர் அம்மா என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

சொல்ல வந்தது எங்கள் ஊரில் நடந்த பந்தயம்.

வேலம்பாளையத்துக்கு வெளியே, வீட்டு மனைக்குச் சைட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு பெரிய காட்டில் தடம் வெட்டியிருந்தார்கள். அவர் எங்கெங்கோ ஜெயித்தவர், இங்கே மட்டும் ஜெயித்ததில்லை. முந்தின வருடம் அதே இடத்தில் புழுதி அவரைத் தோற்கடித்தது. மாவுபோன்ற செம்புழுதி. எஞ்சின் காற்றை இழுக்கும் வழியில் ஏர் பில்டர் என்று எண்ணெய் தடவிய ஸ்பாஞ்சு இருக்கும். புழுதியை அது பிடித்துவைக்கும். அந்த மண்ணுக்கு அந்த ஸ்பாஞ்சு மட்டும் போதவில்லை. பாதியில் அடைத்து, உள்ளேயும் மண் போய், எஞ்சின் நின்றுவிட்டது.

அதனால் இந்த முறை ஸ்பாஞ்சுக்கு மேலே போட நானாகவே ஓர் உறை தைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய துணி, முதல்தரமான பருத்தி, கெட்டியான இண்டர்லாக் பின்னல், கையில் எடுத்தால் வெண்ணெய்போல் இருக்கும். வாயில் எலாஸ்டிக் வைத்து இரண்டு உறை தைத்தேன். நல்ல பருத்திக்கு மேல் நல்ல துணி உலகத்தில் கிடையாது என்பது என் எண்ணம். மனிதன் உடம்புக்கு அது சரிதான்.

மெக்கானிக் மதுரைப் பக்கத்துக்காரர். பிழைக்க இந்த ஊருக்கு வந்து பல வருடம் ஆகியும் பேச்சு மாறாதவர். உறையைக் கையில் வாங்கி, "அண்ணே தச்சதுன்னா கண்ண மூடிட்டு மாட்டலாம்," என்று சொல்லி மாட்டினார். சனிக்கிழமை நாலு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி கும்மென்று போனது. அன்று நான் வீட்டில் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றும் பதினைந்து ரவுண்டு. இரண்டிலும் சேர்த்து எடுக்கும் புள்ளியை வைத்துக் கோப்பை. தடத்தை நனைக்க வரவேண்டிய தண்ணீர் லாரி வரவில்லை. முதல் ஓட்டத்தில் எட்டாவது ரவுண்டு வரை அவர்தான் முன்னால். ஒன்பதாவதில், மேட்டில் ஏறும்போது வண்டி இருமியது. பதினொன்றாவதில் இன்னொருவர் தாண்டினார். அதன்பிறகு ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒருவர். முடிக்கும்போது ஆறாவது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து டென்ட்டில் நிறுத்தினார்கள். அவருடைய தாய்மாமன் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளகோவிலில் நூல் மில் வைத்திருப்பவர், வண்டி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். எழுந்து நேராக மெக்கானிக்கிடம் வந்தார்.

"போன வருசமும் இதே கூத்து. இந்த வருசமும் இதே கூத்து. கார்புரேட்டருன்னு சொல்லாத, கேட்டு காது புளிச்சுப் போச்சு."

"ஐயா, காலைல நான்தான் பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒரு நிமிசம் குடுங்க, தொறந்து பாக்குறேன்."

"நீ தொறந்து பாத்தது போதும்." மாமன் பந்தயக்காரரிடம் திரும்பினார். "மாப்ள, இன்னையோட இந்த ஆள அனுப்பீரு. கோயமுத்தூர்ல ஆள் சொல்லியிருக்கறேன். அடுத்த பந்தயத்துக்கு அவனே வந்துருவான்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் செம்மண். மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார். கார்புரேட்டரைத் திறக்க இடம் வேண்டும் என்று ஏர் பில்டரை உருவித் தார்ப்பாயில் வைத்தார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உறை வெல்லப்பாகு ஊற்றியதுபோல் இருந்தது. ஸ்பாஞ்சில் தடவிய எண்ணெயைப் பருத்தி குடித்திருக்கிறது. எண்ணெய் குடித்த பருத்தி புழுதியைக் குடித்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து களிமண் பூசிய சுவர்போல் ஆகிவிட்டது. சனிக்கிழமை நாலு ரவுண்டுக்கு அது தெரியவில்லை. பதினைந்துக்குத் தெரிந்துவிட்டது. மெக்கானிக் அதைப் பார்க்கவே இல்லை. நான் தைத்தது என்பதால் அதைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. டென்ட்டில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் தண்ணீர் கேனைக் கீழே வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். மெக்கானிக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் எதுவும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். "சுத்தமாத்தாங்கய்யா இருக்கு," என்றார். "அப்ப வண்டி சும்மாவா நின்னுச்சு?" என்றார் மாமன். மெக்கானிக் கண்ணைத் துடைத்ததில் முகத்தில் எண்ணெய் அப்பியது. பஸ் என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது எனக்கு.

"தப்பு என்னோடதுங்க," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இந்த முறை நானே பயந்துபோகும் அளவுக்குச் சத்தமாக வந்தது.

மாமன் திரும்பினார். "ஆருப்பா நீயி?"

"டைலருங்க. அந்த உற நான் தெச்சதுங்க. துணி தப்பு. மெக்கானிக்கு மேல குத்தமில்லீங்க."

"அண்ணே, சும்மா இருங்க," என்றார் மெக்கானிக், என்னைக் காப்பாற்றுகிறவர்போல். "எனக்காகப் பேசுறாருய்யா. ஒரு முழத் துணிக்கு எஞ்சின் அடங்குமா?"

எனக்கு அவ்வளவு விளக்கிச் சொல்ல வராது. செய்துகாட்டத்தான் வரும். பையிலிருந்த இன்னோர் உறையை எடுத்து மாமனிடம் நீட்டினேன். "மூக்குல வெச்சு மூச்சு இழுத்துப் பாருங்க." அவர் வாங்கவில்லை. பந்தயக்காரர் வாங்கினார். மூக்கையும் வாயையும் மூடி இழுத்தார். "நல்லாத்தானுங்க வருது," என்றார். அதை வாங்கி, பில்டர் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, தரையில் புழுதியில் புரட்டி, தட்டி, மறுபடியும் கொடுத்தேன். தயங்காமல் முகத்தில் வைத்து இழுத்தார். கன்னம் ஒட்டியது, கண் பிதுங்கியது, உறையை எடுத்து இருமிக்கொண்டே, முகத்தில் எண்ணெய்ச் சேறோடு சிரித்தார்.

"மாமா, வண்டி நிக்கலீங்க. செத்துப் பொழச்சு வந்துருக்குது."

"அப்ப ஒறையில்லாமப் போயிரலாம்," என்றார் மெக்கானிக், சொல்லிக்கொண்டே தானே தலையை ஆட்டினார். "போன வருசம் ஒறையில்லாமப் போயித்தானே நின்னுச்சு."

உறை வேண்டும். ஆனால் எண்ணெய் குடிக்காத துணியில் வேண்டும். என் கண் பந்தயக்காரரின் சட்டையில் நின்றது. அக்குளிலிருந்து இடுப்பு வரை, நான் மனசில்லாமல் வைத்துத் தைத்த பாலியஸ்டர் மெஷ். மேட்டுக் காற்று முழுவதும் அதன் வழியாகப் போய்வருகிறது. வியர்வையில் நனைந்தாலும் உதறினால் காய்ந்துவிடும்.

"சட்டையக் கழட்டுங்க," என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. கழற்றிக் கையில் கொடுத்தார்.

நூல் வெட்டும் டிரிம்மர் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும், காலரின் அடியில் ஊசி இருக்கும். மண்ணைத் தட்டி உதறிவிட்டு, இரண்டு பக்க மெஷ்ஷையும் வெட்டி எடுத்தேன். நூலுக்கு எங்கே போவது என்று மெக்கானிக் கேட்டார். சட்டையின் அடிமடிப்பில் சரியான முனையைப் பிடித்து இழுத்தேன். முனை தெரிந்தவன் இழுத்தால் அந்தத் தையல் முழுவதும் ஒரே நூலாக உருவிக்கொண்டு வரும். முனை தெரியாதவன் இழுத்தால் இறுகிக்கொள்ளும். சர்ரென்று வந்தது. கூடி நின்றவர்களில் யாரோ "அட கெரகமே!" என்றார்கள். எண்ணெயில் நனைத்த உறையின் வாயைப் பிரித்து எலாஸ்டிக்கை எடுத்தேன். மெஷ் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மடிப்பு, ஓட்டைக்கு ஓட்டை நேராக வராமல் தள்ளி வைத்து, கைத்தையல். தார்ப்பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து தைத்தேன். சுற்றிலும் அத்தனை பேர் நின்று பார்த்தது அப்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கை ஒரு தடவைகூட இடறவில்லை. மெக்கானிக் அதற்குள் ஸ்பாஞ்சைக் கழுவிப் புது எண்ணெய் தடவி வைத்திருந்தார். நான் கடைசி முடிச்சுப் போட்டேன், அவர் வாங்கி மாட்டினார்.

"இந்தத் தடவ கண்ணத் தொறந்து வச்சு மாட்டுறேண்ணே," என்றார்.

பந்தயக்காரர் மிச்சமிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் திறந்து, அடி பிரிந்து, உள்ளே இருந்த கவசம் தெரிந்தது. அந்தக் கோலத்தில் போய்த் தொடக்கக் கோட்டில் நின்றார். பக்கத்திலிருந்த வீரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் தடத்தைப் பார்க்கவில்லை. டென்ட்டுக்குப் பின்னால் போய்ச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். பத்து மிஷினில் ஒன்றில் ஊசி மழுங்கியிருந்தாலும் சத்தத்தில் எனக்குத் தெரியும். அவர் வண்டியின் சத்தமும் அதுபோலப் பழகியிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. இருமல் இல்லை. பதினைந்தாவதில் கூட்டம் கத்தியது. மெக்கானிக் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மொதல்லண்ணே! மொதல்ல வந்துட்டாரு! சட்ட றெக்க மாதிரி அடிச்சுக்கிட்டுல்ல வர்றாரு!"

கோப்பை கிடைக்கவில்லை. முதல் ஓட்டத்தின் ஆறாவது இடம் புள்ளியைத் தின்றுவிட்டது. கேரளத்திலிருந்து வந்த ஒருவர் வாங்கிப்போனார். அந்தத் தோல்வியில் பாதி என் பருத்தியுடையது, எனக்குத் தெரியும். மாமன் மெக்கானிக்கிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போகும்போது, "அடுத்த பந்தயத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஊட்டுக்கு வந்துரு, வண்டியப் பாக்கோணுமல்ல," என்றார். அது போதும். மெக்கானிக் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வீடு வரும்வரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்: "வாயத் தொறக்க இம்புட்டு நேரமாண்ணே?"

மறுநாள் காலை லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது பந்தயக்காரர் வந்தார். துவைத்து மடித்த சட்டை கையில் இருந்தது. இரண்டு பக்கமும் அதே ஓட்டை. புதுச்சட்டை தைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், இதிலேயே மெஷ் மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார். இன்னொன்றும் கேட்டார். "அந்த உறையில இன்னும் நாலு வேணுமுங்கண்ணா. இப்ப மொதல்லயே சொல்லீருங்க, என்ன துணி?"

லைன் முழுக்க மிஷின் சத்தம். வழக்கமாக நான் சூப்பர்வைசர் காதில் சொல்வேன், அவர் சத்தமாகச் சொல்வார். அவர் அங்கேதான், வாயைத் திறக்கத் தயாராக நின்றார்.

"பாலியஸ்டருங்க!" என்றேன். "ரெண்டு மடிப்பு மெஷ். பருத்தி ஒரு நூல்கூடச் சேரக் கூடாது!"

ஓவர்லாக் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. "ஏனுங்க, இவருக்குப் பேச வருமுங்களா?"

"வருமுங்க," என்றார் பந்தயக்காரர். "சட்டையக் கழட்டச் சொன்னா நெம்ப நல்லா வரும்."